அன்னைக்கு சிரிச்சாரு
2011ல ஒரு டிவி பேட்டில பிஒய்டிங்கிற சீன கார் கம்பெனி பேர எடுத்ததும் எலான் மஸ்க் அப்படி சிரிச்சாரு, அந்த வீடியோ இன்னும் சுத்திட்டு தான் இருக்கு. 2023 கடைசி மூணு மாசத்துல பேட்டரி கார் விற்பனைல அதே பிஒய்டி அவரோட டெஸ்லாவ தாண்டிருச்சு!

எப்படின்னு பாத்தா அவங்க 1995ல ஆரம்பிச்சதே பேட்டரி கம்பெனியா தான், செல்போனுக்கு பேட்டரி செஞ்சு குடுத்துட்டு இருந்தவங்க 2003ல தான் கார் பக்கமே வந்தாங்க. எலக்ட்ரிக் கார்ல காஸ்ட்லியான ஐட்டமே பேட்டரி தானே, அத வெளிய வாங்குறவனும் சொந்தமா செய்றவனும் விலைல மோதுனா யாருக்கு மூச்சு வாங்கும்? பேட்டரிய வெளிய வாங்குன ஃபோர்டோட எலக்ட்ரிக் பிரிவுக்கு 2023ல மட்டும் 470 கோடி டாலர் நஷ்டம்.

விலை கொறஞ்சா வாங்குறவனுக்கு கொண்டாட்டம்னு நெனைப்போம், ஆனா 2023 ஜனவரில டெஸ்லா சீனால தடாலடியா விலைய கொறச்சப்போ அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி தான் முழு காசு குடுத்து வாங்குனவங்க வயித்தெரிச்சல்ல ஷோரூம்லயே போய் கூடிட்டாங்க 😄