மரக்கன்று நடாத ஒரு என்.எஸ்.எஸ். நாள்

எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு செப்டம்பர் 24-ஆம் தேதியும் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) நாள் ஒரே மாதிரிதான் நடக்கும். உறுதிமொழி, கடைவீதி வரை பேரணி, வாசலில் நாலு மரக்கன்று, அப்புறம் கலையரங்கில் சிறப்புரை. 1969-இல், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு இந்தத் திட்டம் தொடங்கியதை விருந்தினர் சொல்வார். நாங்கள் குத்தியிருக்கும் பேட்ஜில் இருப்பது கோனார்க் கோயிலின் தேர்ச்சக்கரம், அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் இருபத்து நாலு மணி நேரத்தைக் குறிக்கும் என்பதையும் சொல்வார். கைதட்டுவோம். போட்டோ எடுப்போம். அதுவும் இடமும் நேரமும் பதிவாகிற ஜியோடேக் போட்டோ. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது கோப்பில் காட்ட வேண்டுமே. மரக்கன்று அடுத்த வருடமும் அதே குழியில் நடப்படும்.

2024-இல் மாணவர் செயலர் பொறுப்பு என்னிடம் வந்தது. திட்ட அலுவலரை நாங்கள் பி.ஓ. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். "இந்தத் தடவை ஊருக்குள்ள போய் உருப்படியா ஒண்ணு பண்ணுங்க. என்னன்னு நீங்களே யோசிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் தத்தெடுத்த கிராமம் மதுரைக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டி இருக்கிறது. அங்கே ஏழு நாள் சிறப்பு முகாம் போட்டபோது வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். வாக்காளர் அட்டை பற்றிக் கேட்டால், கல்யாணமாகி வந்த பெண்கள் பலரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ஓட்டு எங்கம்மா ஊர்ல இருக்கு." அந்த ஏப்ரல் 19-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலில் போட்டீர்களா என்றால் சிரிப்பு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி யார் போவது? ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிறந்த ஊரிலேயே ஓட்டு, பிறந்த ஊரிலேயே வீடு.

சரி, இந்த வருடம் வாக்காளர் பதிவுக்கு உதவுவது என்று முடிவு செய்தோம்.

கல்லூரி நிர்வாகத்திடம் கேட்டதும் முதலில் வந்த கேள்வி, "அரசியல் ஆகிடாதே?" என்பதுதான். அதற்கு மேடம் ஒரு வழி சொன்னார்: கட்சிக்காரர் யாரும் மேடையில் இல்லை, துண்டு நோட்டீஸில் எந்தத் தலைவர் படமும் இல்லை என்று கடிதத்திலேயே எழுதிவிடு. எழுதினேன். அனுமதி கிடைத்தது, ஆனால் காலைப் பேரணியும் மரக்கன்றும் கல்லூரியில் நடந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் விட்டுவிட்டோம். செவ்வாய்க்கிழமை வேறு, வேலை நாள். வகுப்புக்கு வராத நேரத்தையும் வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. வாங்கத் துறை துறையாக அலைந்ததைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம், எழுதப் போவதில்லை.

உண்மையான வேலை ஊருக்குள் தொடங்கியது. ஊராட்சித் தலைவரைப் பார்த்தோம், தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவில் படிவம் வாங்கினோம். ஆனால் இந்த வேலைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நான் ஒருவரைத்தான் சொல்வேன்: வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ. பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ பள்ளி ஆசிரியரோதான் இந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அங்கன்வாடி அக்கா. வாக்குச்சாவடிப் பட்டியல் அவர் கையில் இருக்கிறது, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மனதில் இருக்கிறது. நாங்கள் எழுதும் ஒவ்வொரு படிவமும் கடைசியில் அவர் நேரில் போய்ச் சரிபார்த்தால்தான் நகரும். அவரைக் கேட்காமல் தேதி குறித்துவிட்டுப் போய் நின்றால், அவருக்கு அது கூடுதல் சுமைதான்.

அக்காதான் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். குழந்தைகள் தூங்கும் நேரம், சத்தம் போடாமல் பாயில் உட்கார்ந்து கேட்டோம். "யார் வந்தாலும் மொதல்ல ஒரே கேள்வி கேளுங்க. இதுக்கு முன்னாடி எங்கயாவது ஓட்டு இருந்துச்சா? இல்லைன்னா படிவம் 6. இருந்துச்சுன்னா 8. அவ்வளவுதான்."

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். இடம் மாறி வந்தவருக்கும் புதிதாகச் சேர்வதைப் போல ஆறாம் படிவத்தை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் படிவத்தின் கீழே, வேறெந்தப் பட்டியலிலும் என் பெயர் இல்லை என்று ஓர் உறுதிமொழி இருக்கிறது. தெரிந்தே பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் ஓராண்டு வரை சிறை என்கிறது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். உதவி செய்யப் போன இடத்தில் ஒரு பெண்ணிடம் இப்படிக் கையெழுத்து வாங்கினால் அது என்ன உதவி? முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு, இந்த நான்குக்கும் எட்டாம் படிவம்.

அடுத்து நேரம். காலை பத்து மணிக்குப் போய் நாலு மணிக்குத் திரும்புவது என்று நாங்கள் போட்ட திட்டத்தைக் கேட்டதும் அக்கா சிரித்தார். "பத்து மணிக்கு ஊர்ல ஆடும் கோழியும்தான் இருக்கும். எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருவாங்க." வரத்துக்கால்வாய் தூர்வாரும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ, இரண்டும் செயலியில் ஏற வேண்டும். எங்களைப் போலவே அவர்களும் ஜியோடேக்கில் சிக்கியவர்கள்தான். ஆகையால் இரண்டாவது போட்டோ எடுக்கும் வரை யாரும் அசைய முடியாது. முகாமைப் பிற்பகல் மூன்றிலிருந்து ஏழு மணிக்கு மாற்றினோம். அதனால் கல்லூரிப் பேருந்து இல்லை என்றாகிவிட்டது, அது ஐந்து மணிக்கு வேறு தடத்துக்குப் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் திரும்பினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பையன்களுக்குத்தான் செலவு.

முந்தின நாள் சாயங்காலம் கோயில் மைக்கில் அறிவித்தார்கள்: ஆதார், பாஸ்புக், இரண்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். இந்த ஜெராக்ஸ் விஷயத்தை நான் அழுத்திச் சொல்வேன். தொண்டர்கள் தங்கள் போனில் ஆதாரைப் படம் எடுக்கக் கூடாது என்று கறாராக வைத்திருந்தோம். நாளைக்கு அந்தப் படம் எந்த வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் என்று யாருக்குத் தெரியும்?

நாடக மேடையில் நாலு மேசை. பின்சுவரில் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டோம், போட்டோவுக்குப் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதால். காற்று வீசும்போதெல்லாம் வேட்டி பறக்கும். முதலாண்டுப் பையன் ஒருவன் சாயங்காலம் முழுக்க அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவனுக்கும் அது சேவை மணி நேரக் கணக்கில்தான் வரும். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் முடிக்க வேண்டும், அதில் வேட்டி பிடித்ததற்குத் தனிக் கட்டம் கிடையாது.

முதலில் வந்தவர் ஓட்டு மாற்ற வரவில்லை. எண்பதைத் தாண்டியிருப்பார்.

"எந்தக் கட்சிப்பா நீங்க?"

"கட்சி இல்ல அப்பத்தா, காலேஜ்."

"காலேஜா? அப்ப காசு தர மாட்டீக" என்று சொல்லிவிட்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். போகவும் இல்லை. வருகிறவர்களை எல்லாம் இன்னார் மருமகள், இன்னார் வீட்டுக்காரர் என்று எங்களுக்கு அறிமுகப்படுத்தியது அவர்தான். பி.எல்.ஓ. அக்காவுக்கே இரண்டு வீட்டு விவரத்தைத் திருத்திச் சொன்னார்.

வேலை முடிந்து மண்வெட்டியோடு நேராக வந்த பெண்கள் நாலரை மணிக்கு மேல்தான் நிறையச் சேர்ந்தார்கள். பெரிய சிக்கல் நாங்கள் எதிர்பார்த்ததுதான்: ஆதாரில் இன்னமும் அப்பா பெயரும் அம்மா வீட்டு முகவரியும். "அப்ப ஆதாரை மாத்திட்டு வரணுமா?" என்று ஒரு பெண் எழுந்தேவிட்டார். இடுப்பில் குழந்தை, கையில் கசங்கிய மஞ்சப்பை. பையில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன். மகளிர் உரிமைத் தொகை வரவாகும் வங்கிப் பாஸ்புக். பிரித்துப் பார்த்தால் கணவர் பெயர், இந்த ஊர்த் தெரு, கதவு எண் எல்லாம் இருந்தது. அவ்வளவுதான், நடப்பில் உள்ள பாஸ்புக்கே முகவரிக்குச் சான்று. பாஸ்புக்கும் பழைய முகவரியில் இருந்தவர்களுக்குக் கணவரின் ஆதார் கைகொடுத்தது. அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் கணவர் அல்லது மனைவி, பெற்றோர் பெயரில் உள்ள சான்றையும் வைக்கலாம். எதுவுமே இல்லாத ஒருவரின் படிவத்தை அக்கா தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். "நான் நேர்ல வந்து பார்த்து எழுதிக்கிறேன், நீ போ." கேஸ் ரசீது, மின் கட்டண அட்டை என்று பட்டியல் நீளமாகவே இருக்கிறது. ஆச்சரியம், ரேஷன் கார்டு அதில் இல்லை. எல்லோரும் முதலில் நீட்டியது அதைத்தான்.

ஆன்லைனில் ஏற்றிவிடலாம் என்று கணினித் துறை மாணவர்கள் லேப்டாப்போடு வந்திருந்தார்கள். சீக்கிரமே மூடி வைத்துவிட்டார்கள். ஓ.டி.பி. வர வேண்டிய போன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவரிடம் இருக்கிறது. ஒருவர் அங்கே போன் போட்டு எண்ணைக் கேட்க, யாரோ ஏமாற்றுக்காரன் என்று நினைத்து அவர் திட்டிவிட்டு வைத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. காகிதப் படிவமே மேல் என்று தீர்ந்தது. படிவத்தின் அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டை அக்காவிடம் கையெழுத்து வாங்கிக் கிழித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளும் வந்தார்கள். முன்பெல்லாம் ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி நான்கும் தகுதி நாள், பதினேழு முடிந்திருந்தால் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பெண்கள் தாங்களே படித்து, தாங்களே எழுதி, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இடையிடையே எங்கள் கையில் இல்லாத விஷயங்களும் வந்தன. உரிமைத் தொகை வரவில்லை, முதியோர் பணம் நின்றுவிட்டது, பட்டாவில் பெயர் தப்பு. "இது எங்க வேலை இல்ல" என்று அனுப்ப மனம் வரவில்லை. தீர்த்து வைக்கவும் தெரியாது. ஒரு பெண்ணைத் தனி மேசையில் உட்கார வைத்து, எந்த மனு எந்த அலுவலகத்துக்கு என்று மேடத்தைக் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னோம். அடுத்த வாரமே அக்டோபர் 2 கிராம சபை. ஊர்ப் பொதுவான குறைகளை அங்கே வைக்கச் சொன்னோம். அந்த மேசையில்தான் கூட்டம் கடைசி வரை குறையவில்லை. இன்னொரு முறை நடத்தினால் அதற்கு மட்டும் இரண்டு பேரையாவது போடுவேன்.

ஏழு மணிக்கு மேடை விளக்கு எரியாமல் போன் வெளிச்சத்தில் முடித்தோம். பன், டீ செலவை ஊராட்சித் தலைவர் ஏற்றுக்கொண்டார்.

கல்லூரிக்குக் கொடுக்கும் அறிக்கைப் படிவத்தில் நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருந்தது. பூர்த்தி செய்த படிவங்களுக்கு இல்லை. 'இதர பணிகள்' என்ற இடத்தில் எழுதினேன்.

நான் சொன்னதெல்லாம் 2024 நிலவரம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது வீடு வீடாக வேறு கணக்கெடுப்புப் படிவம் கொடுத்தார்கள். இப்போது முகாம் போடுகிறவர்கள் தாலுகா ஆபீஸில் அன்றைய நடைமுறையைக் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

ஒப்புகைச் சீட்டு விவரங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். முகாம் முடிந்து 2025 ஜனவரியில் இறுதிப் பட்டியல் வந்ததும் அக்காவோடு உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தோம். பெரும்பாலான பெயர்கள் வந்துவிட்டன. ஒரு சிலரின் பெயர் இல்லை. சரிபார்க்கப் போன நாளில் வீடு பூட்டியிருந்தது என்றார் அக்கா. ஒருவருக்குக் கணவர் பெயரில் எழுத்துப்பிழை. பெயர் வராதவர்களுக்கு மறுபடி படிவம் எழுதினோம், பிழைக்கு ஓர் எட்டாம் படிவம். நோட்டு இப்போது அடுத்த செயலரிடம் இருக்கிறது.