முதல் பாடவேளை வயிற்றுவலி: காரைக்குடிப் பக்கத்துப் பரீட்சைக் காலக் குறிப்புகள்

ஜனவரி 20, 2025, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பேச்செல்லாம் முதல் பீரியடோடு சரி. இரண்டாம் பீரியடில் ரிவிஷன் டைம்டேபிள் கைக்கு வந்தது, பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் கூடவே வந்தது.

இதை நடிப்பு என்று ஒதுக்குவதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. பயம் வந்தால் உடம்பு ஜீரண வேலையை நிறுத்திவைத்து ரத்தத்தைக் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடும். குடல் இறுக்கிப் பிடிக்கும், இல்லையென்றால் அவசரமாகக் கழிப்பறைக்குத் துரத்தும். பிள்ளைக்கு வலிப்பது நிஜம். ஞாயிறு இரவிலோ திங்கள் காலையிலோ வந்து, மதியத்தில் தணிந்து, லீவு நாளில் எட்டிப் பார்க்காத வலி என்றால் பெரும்பாலும் இந்த வகை. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், தொடர் வாந்தி, எடை குறைவது, மலத்தில் ரத்தம் இருந்தால் வேறு பேச்சே வேண்டாம், முதலில் மருத்துவர்.

வலி எதனால் என்று கண்டுபிடிக்க வகுப்பில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஐந்து பத்தி: தேதி, எந்த பீரியட், அன்றைக்கு என்ன டெஸ்ட், காலையில் சாப்பிட்டதா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தது. யார் தலைவலி, வயிற்றுவலி என்று வந்தாலும் ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் நோட்டே பேச ஆரம்பிக்கும். ஒரு பிள்ளைக்குக் கணக்கு ஸ்லிப் டெஸ்ட், இன்னொன்றுக்குக் காலைப் பட்டினி. மாணவிகளிடம் அடிக்கடி தெரிவது வேறொன்று: கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்காது, அதனால் காலை முதல் சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை, மூன்று மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். அதற்கு ஆலோசகர் தேவையில்லை, தச்சர் போதும்.

ஜனவரி 27, திங்கள்

இன்று நேரக்கணக்கு. கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு நாளைப் போட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுப்பி விடுகிறார்கள். ஆறே முக்காலுக்குப் பஸ். எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். பள்ளி விட்டதும் ஆறு மணி வரை மறுபடி ஸ்பெஷல் கிளாஸ். வீடு வந்து சேர ஏழரை. சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கப் பதினொன்றரை. தூக்கம் ஐந்தரை மணி நேரம். இந்த வயதுக்கு வேண்டியது 8 முதல் 10 மணி நேரம்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. பதின்வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் கண் மூடாது, நாலு மணிக்கு எழுப்பினால் கண் திறக்காது. சோம்பேறி என்று ஏசுவதால் சுரப்பி நேரம் மாற்றிக்கொள்ளாது. பகலில் படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். ஆகவே விடிகாலையில் பிடுங்கும் இரண்டு மணி நேரம் முதல் நாள் படிப்பிலிருந்தே கழிகிறது.

பள்ளி செய்யக்கூடியது: ஸ்பெஷல் கிளாஸ் காலையா மாலையா, ஏதாவது ஒன்று மட்டும். மாலை என்றால் 4.15க்கு இருபது நிமிடம் இடைவெளி, கையில் ஒரு கிண்ணம் சுண்டல். வெறும் டீ பசியை அமுக்கிவிட்டு ராத்திரித் தூக்கத்தையும் கெடுக்கும். டீ, காப்பியில் உள்ள கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குப் பிறகு டீ வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

அடுத்தது ஸ்டாஃப் ரூம் கரும்பலகை. மூன்று ஆசிரியர்கள் ஒரே நாளில் டெஸ்ட் வைப்பது யாருடைய கொடுமைக்குணமும் கிடையாது. ஒருவர் வைப்பது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வாரத்துக்கு ஆறு கட்டம் வரைந்து, டெஸ்ட் வைக்கிறவர் முந்தின வெள்ளிக்கிழமை பெயர் எழுத வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு பெயர். முதல் வாரம் சண்டை வரும். கணக்கும் அறிவியலும் எல்லாக் கட்டத்தையும் பிடித்துக்கொள்ளும். தலைமையாசிரியர் உட்கார்ந்து ஒரு தடவை பிரித்துக் கொடுத்தால் பிறகு ஓடிவிடும்.

பிப்ரவரி 5, புதன்

பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்தியது. டியூஷன் சென்டர் ஃபிளெக்ஸுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. வகுப்புக்குள் நடப்பது அதைவிடக் கூச்சமானது: படிப்பில் பின்தங்கியவரை "மெல்ல மலரும் மாணவர்" என்று காகிதத்தில் அழகாக எழுதிவிட்டு, மரத்தடியில் தனியாக உட்கார வைத்து மினிமம் மெட்டீரியலை, அதாவது தேறுவதற்கு மட்டுமான சுருக்கக் குறிப்பைக் கையில் திணிப்பது. தனிப் பயிற்சி தேவைதான். இடத்தையும் ஆளையும் வாரம் ஒருமுறை கலைத்துவிடுங்கள். ஒரு வாரம் வரைபடம் வராதவர்கள், அடுத்த வாரம் இலக்கணம் வராதவர்கள் என்று பாடப்பகுதியை வைத்துப் பிரித்தால் சென்டம் வாங்குகிற பிள்ளையும் ஏதாவது ஒரு வாரம் மரத்தடிக்கு வரும்.

பிப்ரவரி 12, புதன்

பேச்சு கேட்பது பற்றி. ஸ்டாஃப் ரூமில் கூப்பிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து "என்னப்பா பிரச்சினை, சொல்லு" என்றால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள், அல்லது வேப்பமரத்தைச் சுற்றி நடங்கள். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடம், காதுக்கு எட்டாத தூரம். பதினைந்து நிமிடம் போதும். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி விசாரணை மாதிரி விழும். "ரெண்டு வாரமா டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பிப் போகுதே தம்பி, என்ன நடக்குது?" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டபின் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துவது, இந்த இரண்டையும் மறைக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயம் கிடையாது. மற்றதெல்லாம் உங்களோடு நிற்கட்டும். டீ குடிக்கும்போது ஒரு வார்த்தை கசிந்தால் மதிய மணி அடிப்பதற்குள் பிள்ளை காதுக்குப் போய்விடும். அப்புறம் அந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் யாரிடமும் பேசாது.

பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்குகிறது. அங்கே வைத்தால் காலியாகத்தான் இருக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியில் மாற்றுங்கள். திறக்கும்போது இரண்டு பேர் இருக்கட்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பெற்றோர் கூட்டம் என்றால் இந்தப் பக்கம் பாதிக்குப் பாதி அம்மாக்களும் அப்பத்தாக்களும்தான். அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். ராத்திரி வீடியோ காலில் முதல் கேள்வி "எவ்வளவு மார்க்?" பிள்ளை சாப்பிட்டதா என்பது மூன்றாவது கேள்வி. அந்த வரிசையை மாற்றச் சொல்லுங்கள், செலவில்லாத மருந்து. மார்க்கை வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரிய வீடுகளில் வேறு மாதிரி. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை பூட்டிய அறைகளாகக் கிடக்க, ஆச்சியும் பேரப்பிள்ளையும் மட்டும் இருப்பார்கள். அமைதியாகப் படிக்கட்டும் என்று பின்கட்டில் தனியாக விடுகிறார்கள். தனிமையில் கவலைதான் வளரும். முற்றத்தைச் சுற்றிய வளவிலேயே, ஆச்சி கீரை ஆய்கிற இடத்துக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து படிக்கலாம். ஆச்சி கேள்வி கேட்க வேண்டியதில்லை, இருந்தால் போதும்.

பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது அதிகம். "எதிர்த்துப் பேசுறான் டீச்சர்" என்ற புகாரை இந்தக் காதோடு கேட்க வேண்டும். எரிச்சல், பிடித்த விளையாட்டில்கூட ஈடுபாடில்லாமை, தூக்கமும் பசியும் மாறுவது இவை அநேகமாக எல்லா நாளும் இரண்டு வாரத்துக்கு நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மார்ச் 1, சனி

திங்கள்கிழமை பன்னிரண்டாம் வகுப்புக்குத் தொடக்கம். ரமலானும் இதோ வருகிறது. நோன்பு வைக்கும் பிள்ளைகள் சஹருக்கு எழுந்த பிறகு திரும்பப் படுக்காமல் படித்தால் பதினொரு மணிக்குத் தலை கனக்கும். முன்னிரவில் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்பது நல்லது.

தேர்வறையில் பத்து மணிக்கு வினாத்தாள். பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க, 10.15க்கு எழுத்து. அந்தப் பத்து நிமிடத்தில்தான் மனம் வெறுமையாகும். முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் படித்துத் தெரியாததில் முட்டிக்கொள்வதே காரணம். தெரிந்த மூன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதை மட்டும் முதல் வேலையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதற்றம் தணிந்ததும் மறந்தது என்று நினைத்தது தானாக வரும்.

படபடப்பு முற்றினால்: மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கரியமிலவாயு குறைவதால் விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், நெஞ்சு இறுகும். செத்துவிடுவோம் என்றே பிள்ளை நினைக்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். கூட்டத்தை விலக்குங்கள். செருப்பைக் கழற்றி இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும், பத்துத் தடவை. நீங்களும் கூடவே விரல் மடக்கிச் செய்யுங்கள், வெறுமனே கட்டளையிட்டால் வராது. விடும் மூச்சு நீளமாக இருந்தால்தான் இதயத்துடிப்பு தணியும். சினிமாவில் வருகிற காகிதப் பையெல்லாம் வேண்டாம். அது ஆஸ்துமாவாக இருந்தால் ஆபத்து. இளைப்பு, இதயக்கோளாறு உள்ள பிள்ளை, மயங்கி விழுந்த பிள்ளை என்றால் 108.

மார்ச் 15, சனி

முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா எப்போதும் பரீட்சையோடுதான் வரும். பால்குடத்தை யாரும் தள்ளிப்போட முடியாது. ஒலிபெருக்கியை முடியும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை பொதுவாகத் தடை. போலீசுக்குப் போகுமுன் விழாக் கமிட்டியில் சொந்தக்காரர் யாராவது இருப்பார். அவர் வீட்டுப் பிள்ளையும் பரீட்சை எழுதும். ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். சத்தத்தில் வாசிப்பு ஓடாது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது ஓடும்.

மார்ச் 27, வியாழன்

நாளை பத்தாம் வகுப்புக்குத் தொடக்கம். வெளியே வந்ததும் வாசலில் விடை சரிபார்க்கும் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். போன ஒரு மார்க்குக்காக அடுத்த பரீட்சையையும் இழப்பார்கள்.

சங்கடமான விஷயத்தையும் எழுதியாக வேண்டும். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிற பேச்சு, ஆசையாய் வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, வெகுநாள் சோர்வுக்குப் பின் காரணமில்லாத திடீர் அமைதி. இதில் எதைக் கண்டாலும் நேராகக் கேட்க வேண்டும்: "சாகணும்னு நினைப்பு வருதாப்பா?" கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தவறு. யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் கிடைக்கிறது. ஆமாம் என்றால் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். கழிப்பறை வாசல் வரை ஒருவர் கூடப் போகட்டும். அன்றைக்கே பெற்றோரை வரவழைத்து நேரில் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் வேண்டாம். வீட்டில் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும் தாத்தா பாட்டி மாத்திரைகளும் பூட்டுக்குள் போக வேண்டும். முடிந்தால் வேறு வீட்டுக்கே. அந்த வேகம் பல சமயம் சிறிது நேரத்தில் தணியும், அதுவரை கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். 14416க்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை அது. குழந்தைகளுக்கு 1098. போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைக்க வேண்டாம்: 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது.

ஏப்ரல் 12, சனி

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகிறவர்கள் அந்த ஐந்து பத்தி நோட்டின் நகலைக் கையில் கொண்டுபோக வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பதே தூக்கம், பசி, எத்தனை நாளாக. ரத்தசோகையும் தைராய்டும் இதே சோர்வைக் காட்டும், ஆகவே ரத்தப் பரிசோதனை எழுதினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை கொடுத்தால் வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும், சிலருக்கு இன்னும் கூடும். பத்தாம் நாள் "ஒண்ணும் பலனில்லை" என்று நிறுத்துவது வழக்கமான பிழை. திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் சில வாரம் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், பதற்றமோ சாவு எண்ணமோ கூடினால் உடனே திரும்பப் போக வேண்டும்.

திருநீறு போடுவதையும் கயிறு கட்டுவதையும் கேலி செய்யாதீர்கள். கேலி செய்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்கள். காலையில் கோயில், பத்து மணிக்கு ஓ.பி. சீட்டு.

மே 7, புதன்

ஒன்பதாம் தேதி என்றிருந்த பன்னிரண்டாம் வகுப்பு முடிவு ஒரு நாள் முன்னதாக நாளைக் காலை ஒன்பதுக்கு. லீவு கேட்டு வைத்திருந்த அப்பாக்கள் இப்போதே மாற்றிச் சொல்லிவிடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளை தனியாக பிரௌசிங் சென்டரில் நிற்கக் கூடாது. சொந்தக்காரர்கள் போனை அம்மாவே எடுக்கட்டும். "சாயங்காலம் பேசுறோம்" என்றால் போதும். தோல்வி என்றால் வாயில் வரவேண்டிய முதல் வார்த்தை "வா, சாப்பிடு". துணைத்தேர்வு ஜூன் கடைசியில். தேறினால் இந்த ஆண்டே கல்லூரி சேரலாம். இந்த விவரத்தையெல்லாம் எடுத்துச் சொல்வது மதியத்துக்கு மேல்.

நல்ல மார்க் வாங்கியும் எதிர்பார்த்ததற்குப் பத்து குறைந்தவர்களை மறந்துவிடுகிறோம். வகுப்பாசிரியர் கையில் இரண்டு பட்டியல் வேண்டும்: தவறக்கூடியவர்கள், சென்டம் எதிர்பார்த்தவர்கள். இரண்டுக்கும் நாளை மாலைக்குள் ஒரு போன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. நாற்பது பக்க நோட்டு பத்து. ஸ்டாஃப் ரூம் பலகைக்குக் கட்டம் போட வெள்ளைப் பெயிண்ட். மாணவிகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் மூன்று, ஆறங்குலம்.