கேரி ஐயர் வீட்டுக்குப் போன ஐயரம்மா

அப்பாவின் வேதாகமத்தில் ஏசாயா 54-ஆம் அதிகாரத்துக்குள் ஒரு காணிக்கைக் கவர் இருந்தது. மேலே பென்சிலில் 'மோல்ட்டன்' என்று எழுதி வைத்திருந்தார். உள்ளே இரண்டு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், 2016-லேயே செல்லாமல் போனவை. அப்பா கர்த்தருக்குள் நித்திரையாகி மூன்று வருஷமாகிறது. அம்மா அந்தக் கவரை எடுக்கவும் இல்லை, வேறு நோட்டு வைக்கவும் இல்லை. போன வருஷம் இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனபோது, "நான் எழும்பி நடந்தா இந்தக் காணிக்கையை நானே கொண்டுபோய் அங்க போட்டிருதேன் ஆண்டவரே" என்று பொருத்தனை பண்ணிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லண்டனில் இருக்கிற மகளுக்கு அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்று நினைத்திருப்பாள் போல.

மோல்ட்டன் என்றால் நம்ம ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கேரி ஐயர் என்றால் தெரியும். (போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா.) செருப்புத் தைத்துப் பிழைத்தவர், பிறகு வங்காளத்துக்குப் போய்ச் செராம்பூரில் அச்சுக்கூடமும் கல்லூரியும் நடத்தின வில்லியம் கேரிதான். இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால் 1785-லிருந்து 1789 வரை அவர் இருந்தது இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் பக்கத்தில் இருக்கிற இந்தக் கிராமத்தில்தான். இங்கே இருந்த சின்ன பாப்டிஸ்ட் சபைக்குத்தான் முதன்முதலில் போதகரானார். அப்பாவும் போதகர், அவருடைய பி.டி. என்கிற இறையியல் பட்டம் செராம்பூர் பட்டம். படித்ததென்னவோ மதுரை அரசரடியில்தான், ஆனால் பட்டம் கொடுக்கிற அதிகாரம் செராம்பூருக்கு. 1827-இல் டென்மார்க் ராஜா எழுதிக்கொடுத்த சாசனம் அது. நம்ம தரங்கம்பாடி மாதிரி செராம்பூரும் அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது, 1845-இல் இரண்டையும் சேர்த்துத்தான் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தப் பட்டம் நாங்கள் இருந்த குருமனைகள் (போதகர் வீடுகள்) எல்லாவற்றிலும் முன் அறைச் சுவரில் தொங்கும். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைக் காட்டி, "செருப்பு தைச்ச கையி குடுத்த பட்டம்லா இது" என்பார். செராம்பூரை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டார். மோல்ட்டன்தான் பாக்கி.

முதலில் எங்கள் தமிழ் ஐக்கியத்தோடு வேனில் போவதாகத்தான் ஏற்பாடு. இங்கே ஒருத்தர் 'மிஷனெரி டூர்' என்று நடத்துகிறார். ஒரே நாளில் ஆறு ஊர், மத்தியானம் பிரியாணி, தலைக்கு இவ்வளவு பவுண்டு. போனமுறை போய்வந்த அக்காவிடம் கேட்டால், மோல்ட்டனில் பத்தே நிமிஷம்தான் நிறுத்தினார்களாம், அந்தப் பத்து நிமிஷமும் வாசலில் செல்ஃபி எடுக்க வரிசையில் நின்றதிலேயே போய்விட்டதாம். ஜெபம்கூட வேனுக்குள்தான். ஏற்கெனவே எருசலேம் டூரில் ஒரு ஏஜெண்ட் யோர்தான் தண்ணீரைச் சின்னச் சின்னப் பாட்டிலில் அடைத்து விற்ற கதையெல்லாம் அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நாம ரெண்டு பேருமே போவோம்ளா" என்றுவிட்டாள்.

அப்படிக் கிளம்பினோம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுதான் தப்பு. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் தண்டவாளத்தில் வேலை பார்ப்பார்கள். பாதி வழியில் ரயிலிலிருந்து இறக்கி, மாற்றுப் பஸ் என்று ஒன்றுக்காக மழையில் நிறுத்தி வைத்தார்கள். அம்மா பட்டுச்சேலை, மேலே என் கோட்டு, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் வேதாகமப் பை. நாற்பது நிமிஷம் நின்றாள். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா சத்தமில்லாமல் 121-ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள், உன் காலைத் தள்ளாடவொட்டார் என்கிற இடம் வந்ததும் புது முழங்காலைத் தட்டிக்கொடுத்துக்கொண்டாள். நார்த்தாம்ப்டன் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து டாக்ஸி, நாலு மைல் தூரத்துக்கு ஊரையே சுற்றினது மாதிரிக் காசு வாங்கினான், போகட்டும். ஆனால் அவன் ஒரு விஷயம் சொன்னான். அது காலங்காலமாகச் செருப்பு, பூட்ஸ் தைக்கிற ஊராம், அவர்கள் கால்பந்து அணிக்கே 'காப்ளர்ஸ்' என்றுதான் பட்டப்பெயராம். காப்ளர் என்றால் பழைய செருப்பைத் தைத்துக்கொடுக்கிறவன். கேரி பெரிய ஆளான பிறகு கல்கத்தா பக்கத்தில் பாரக்பூரில் ஒரு விருந்தில் யாரோ அவரை முன்பு ஷூ செய்கிறவர்தானே என்று இளப்பமாகச் சொல்ல, ஷூ செய்கிறவன்கூட இல்லை ஐயா, வெறும் காப்ளர்தான் என்றாராம். அப்பா வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைப் பிரசங்கத்தில் சொல்லிவிடுவார்.

ஆராதனை தொடங்கிப் பாதியில்தான் உள்ளே நுழைந்தோம். பெரிய கதீட்ரல் மாதிரி எதையாவது எதிர்பார்த்துப் போகாதீர்கள். மேற்குத் தெருவில், வீடுகளோடு வீடாக ஒரு சபை. பாளையங்கோட்டைக் கோவிலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது நம்ம ஊர் ஜெபவீடு அளவுதான். கேரி வந்தபோது இதுகூட இல்லை. இருந்த கட்டடம் இடிந்து விழுகிற நிலையில் கிடந்தது. மற்ற சபைகளிடம் கையேந்தித்தான் எடுத்துக் கட்டினார்கள். சபையார் ஏழைகள், போதகருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வழியில்லை. பிழைப்புக்குப் பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தார், பழைய வாத்தியார் திரும்பி வந்ததும் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். மறுபடியும் தோலும் ஊசியும். அந்த வேலைக்கு நடுவில்தான் காகிதத் துண்டுகளை ஒட்டி ஒரு பெரிய உலகப்படம் செய்து, எந்த தேசத்தில் எத்தனை ஜனம், என்ன மதம் என்று எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். கெட்டரிங்கில் காச் என்கிற பூட்ஸ் வியாபாரி இவர் படிப்பைப் பார்த்துவிட்டு, இனி எனக்கு ஷூ தைக்க வேண்டாம், வாரம் பத்து ஷில்லிங் தருகிறேன், நீ பாஷைகளைப் படி என்றாராம். அப்படி ஒரு ஆளை ஆண்டவர் எப்போதும் எங்கேயாவது வைத்துத்தான் இருக்கிறார். அப்பா படிக்கும்போது மெஸ் பில் கட்டின நாடார் கடை முதலாளியும் அப்படித்தான், அவர் கிறிஸ்தவர்கூடக் கிடையாது.

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), குழந்தையிலேயே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம். இவர்கள் முழுக்கு. கேரிக்கு இரண்டுமே நடந்திருக்கிறது, குழந்தையில் இங்கிலாந்து சபையில் ஒரு தடவை, அப்புறம் 1783 அக்டோபர் 5 அன்று விடியற்காலையில் நார்த்தாம்ப்டனில் நீன் ஆற்றில் ரைலண்ட் ஐயர் கையால் இன்னொரு தடவை. அப்பாவைப் பெந்தெகொஸ்தே நண்பர்கள் முழுக்குக்குக் கூப்பிடும்போதெல்லாம், "கேரிக்கே வங்காளம் போக ரெண்டு தடவை நனைய வேண்டியிருந்துச்சு, நான் சாத்தான்குளம் தாண்டப் போறதில்ல, எனக்கு ஒண்ணு போதும்" என்பார்.

காணிக்கை எடுக்கிற நேரம் வந்தது. நான் முந்திக்கொண்டு இருபது பவுண்டு நோட்டை அம்மா கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டாள், அதோடு கவரையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். எண்ணுகிறவர் அதைப் பிரித்துப் பார்க்கப்போகிற முகத்தை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செல்லாத நோட்டு அம்மா என்று முந்தின நாளே சண்டை போட்டிருந்தேன். "ரிசர்வ் வங்கிக்குச் செல்லாது" என்று மட்டும் சொல்லியிருந்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பெரியவரிடம் நான் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப்போனேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டைத் திறந்துவிட்டார். கேரி குடும்பம் இருந்த வீடு அதுதான். இந்தியாவிலிருந்து அடிக்கடி ஆட்கள் வருவார்களாம், பெரும்பாலும் போதகர்கள்.

தோல் ஊறவைத்த தொட்டி இன்னும் இருக்கிறது. கல் தொட்டி. நம்ம வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் வைப்போமே, அந்த மாதிரி. நான் தொட்டுப் பார்த்து அப்பாவுக்காக ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன், அழுதேன், படம் எடுத்தேன். வந்த காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மா தொட்டிக்கிட்டே வரவில்லை. வாசல்படியில் நின்று அறையை அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வீட்டுக்குள்ள தோலை ஊறவச்சா என்ன நாத்தம் அடிச்சிருக்கும். அதுல கைப்பிள்ளையை வேற வச்சிக்கிட்டு அவ எப்படி இருந்தாளோ."

யார் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. டாரதியைச் சொல்கிறாள், கேரி ஐயரம்மாவை.

இத்தனை வருஷப் பிரசங்கத்தில் அப்பா டாரதியைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. பேசினாலும், முதலில் வர மறுத்தவள் என்கிற ஒரு வரி வரும். எனக்குத் தெரிந்ததை அம்மாவுக்குச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், 1781-இல் பிடிங்டன் கோவிலில் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டவள். மோல்ட்டனுக்கு வருமுன்னே முதல் பெண்குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். 1787-இல் இதே சபையில் புருஷன் கையாலேயே முழுக்கு எடுத்தாள். அப்புறம் லெஸ்டர். 1792 அக்டோபர் 2 அன்று கெட்டரிங்கில் ஒரு விதவையம்மா வீட்டில் கொஞ்சம் ஐயர்மார் கூடி 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ் வாக்குப் பண்ணி ஒரு மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள், அடுத்த வருஷம் புருஷன் இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். அவள் அப்போது நிறைமாதம், வரமாட்டேன் என்றாள். மூத்த பையனை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லை என்று கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்து கேட்டபோது, பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாதவள், தங்கை கிட்டியும் கூட வந்தால் வருகிறேன் என்றாள். 1793 ஜூன் 13 அன்று கப்பல் ஏறினார்கள். அஞ்சு மாசம் கடல். அடுத்த வருஷமே ஐந்து வயது பீட்டர் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனான். அதற்கப்புறம் அவள் புத்தி திரும்பவே இல்லை, அப்படியே 1807 வரை. அடுத்த அறையில் அவள் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, கேரி ஐயர் உட்கார்ந்து வேதத்தை மொழிபெயர்த்தார்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குளிர்ந்த கல், முழங்காலுக்கு ஆகாது என்றேன், கேட்கவில்லை.

கேரி பிரசங்கத்தின் வசனம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். 1792-இல் நாட்டிங்காமில் ஏசாயா 54-இலிருந்து சொன்னது: உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு, உன் கயிறுகளை நீளமாக்கு. அப்பா அதை வாசிக்கும்போது குரல் தழுதழுக்கும். எனக்கு அந்தக் கயிறு என்றால் வேறு கயிறு ஞாபகம் வரும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அப்பாவுக்கு மாற்றல் வரும், புதுச் சேகரம், அதாவது அவர் பொறுப்பில் புதுச் சபைகள். அம்மா கொச்சக்கயிறு ஒரு கட்டு வைத்திருந்தாள். பீரோவைக் கட்ட, கட்டிலைக் கட்ட, லாரியில் ஏற்ற. போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்து, சிக்கெடுத்து, சுருட்டி, பரணில் பத்திரமாக வைப்பாள், அடுத்த தடவைக்கு. ஒரு ஊரில் முருங்கை வைத்தாள். காய்க்கிற வருஷம் மாற்றல் வந்தது. பதினொரு வீடு. ஐயரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அவள் பேர் எந்தச் சேகரத்திலும் பத்துப் பேருக்குத் தெரியாது. ஒரு நாளும் அவள் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை, நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை.

அம்மா அங்கே உட்கார்ந்தே ஜெபம் பண்ணினாள், வாய்விட்டு. அப்பாவுக்காக ஸ்தோத்திரம், முழங்காலுக்காக, டாக்டருக்காக, மழைக்கு நடுவில் வந்த பஸ்ஸுக்காக, டாக்ஸிக்காரனுக்காகக்கூட. கடைசியில் "டாரதியம்மாளுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். சாவி வைத்திருந்த பெரியவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் தொப்பியைக் கழற்றினார். எத்தனை தரம் நன்றி சொன்னாலும் போதாது, தகப்பனே, அந்தப் படியில் எங்களைக் கொண்டுபோய் உட்காரவைத்தீரே. அதற்கப்புறம் அங்கே வேறு என்ன பார்த்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பும்போது ரயில் ஒழுங்காக ஓடியது. அம்மா ஷூவைக் கழற்றி எதிர் சீட்டில் காலை நீட்டிக்கொண்டாள், டிக்கெட் பார்க்க வந்தவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அவ எங்க செத்தா?"

"செராம்பூர்ல."

"அப்பா செராம்பூர் போனப்ப என்னைக் கூட்டிட்டுப் போகல. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை இருந்துச்சு, அசனச் சாப்பாட்டுக்கு ஆள் வேணும்னு இருக்கச் சொல்லிட்டாவ."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஹவுராவிலிருந்து அங்கே போக லோக்கல் ரயிலில் எவ்வளவு நேரம் ஆகும், படி ஏற வேண்டியிருக்குமா என்று போனில் பார்க்கச் சொன்னாள்.