கறுத்த திரை: பழுது மொனிட்டரிலா, வயரிலா, பெட்டியிலா?

கணினித் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் எல்லோரும் முதலில் மொனிட்டரைத்தான் சந்தேகிக்கிறோம். எங்கள் வீட்டில் பழுது மொனிட்டரில் இருக்கவில்லை, அதற்குப் போகும் வயரிலும் இருக்கவில்லை. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலை அண்டி இருக்கிற வீடுகளில் வேறு பலருக்கும் இது நேரலாம் என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

கார்த்திகை மாதம். வாடைக் காற்றோடு மழை விடாமல் பிடித்திருந்தது. இரவு முழுவதும் இடி. விடியப்புறம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒரு பாடசாலையின் தவணைப் பரீட்சை வினாத்தாள்களைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலையை நான் பொறுப்பெடுத்திருந்தேன். காலையில் கணினியைப் போட்டபோது பெட்டியின் விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுழலும் சத்தமும் கேட்டது. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது.

நகரில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மதர்போர்ட் போயிருக்கும், புதிதாக வாங்குவதுதான் நல்லது" என்றார்கள். பெட்டிக்குள் பாகங்களை எல்லாம் இணைக்கும் பெரிய மின்சுற்றுப் பலகைதான் மதர்போர்ட். பெட்டியைக் கண்ணால் காணாமல் சொன்ன தீர்ப்பை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மட்டக்களப்பில் கணினி திருத்தும் வேலை செய்கிற என் தம்பியை அழைத்தேன். "அக்கா, இப்போதைக்கு ஒன்றையும் கழற்றாதீர்கள். மொனிட்டரின் சிறு விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது, அதைச் சொல்லுங்கள்" என்றான்.

செம்மஞ்சள். என் மொனிட்டரில் அதற்கு அர்த்தம், மின்சாரம் வருகிறது, படம் வரவில்லை என்பது. விளக்கே எரியாமல் இருந்திருந்தால் சுவர்ச் செருகியையும், 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் சிறு பியூஸையும் பார்த்திருக்க வேண்டும். அடுத்து, மொனிட்டரின் மின்சாரத்தை நிறுத்தாமல், பெட்டியிலிருந்து படத்தைக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ வயரை மட்டும் பிடுங்கச் சொன்னான். உடனே திரையில் வயர் இணைக்கப்படவில்லை என்ற அறிவிப்பு பளிச்சென்று தோன்றி மறைந்தது. தன் சொந்த எழுத்தைக் காட்ட முடிந்த மொனிட்டருக்குத் திரைப்பலகையும் பின்வெளிச்சமும் நல்லபடியாக இருக்கின்றன. பின்வெளிச்சம் மட்டும் போனால் படம் மங்கலாக உள்ளே இருக்கும். அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகத் திரையில் அடித்தால் எழுத்துகள் நிழல்போலத் தெரியும்.

வயரைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. தொலைக்காட்சியோடு இருக்கும் டிஷ் பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்து, சந்தேகத்துக்குரிய அதே எச்டிஎம்ஐ வயரால் மொனிட்டரில் பூட்டினேன். மொனிட்டரின் மெனுவில் உள்ளீடு எச்டிஎம்ஐ என்றே இருந்தது. காலைச் செய்தி வாசிப்பவர் தெளிவாகத் தெரிந்தார். வயரும் நல்லது, மொனிட்டரும் நல்லது என்று ஒரே தடவையில் தெரிந்துவிட்டது. ஆனால் பழைய மொனிட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: நகல் எடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி ஏற்பாடு இல்லாத மொனிட்டரில், எல்லாம் சரியாக இருந்தாலும் டிஷ் பெட்டியின் படம் வராமல் போகலாம். அதை வைத்து மொனிட்டர் பழுது என்று முடிவெடுக்கக் கூடாது.

எஞ்சியது பெட்டி. விசைப்பலகையில் 'நம் லொக்' (Num Lock) விசையை அழுத்தினேன். அதன் விளக்கு இருந்தபடியே நின்றது. அது அழுத்தத்துக்கு ஏற்ப மாறினால் கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் போகும் வழியில்தான் சிக்கல் என்று கொள்ளலாம். அப்போது விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் படத்தைத் திரைக்கு அனுப்ப உதவும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், சிலருக்கு அதிலேயே படம் வந்துவிடும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் போட்டிருப்பவர்கள் வயர் அந்தக் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டின் துளையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் விளக்கு மாறவே இல்லை. விண்டோஸுக்குப் போகும் முன்பே, கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் கட்டத்தில் நின்றுவிட்டது என்று தம்பி சொன்னான்.

சுவர்ச் செருகியிலிருந்து மின்வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை வடிய விட்டேன். பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். மாற்றமில்லை.

பிறகுதான் பக்கத் தகட்டைத் திறந்தேன். மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருந்தன. இத்தனை வருடமாக அவை இருப்பதே எனக்குத் தெரியாது. அவற்றில் டிராம் (DRAM) என்று எழுதப்பட்டது மட்டும் அணையாமல் எரிந்தது. அது நினைவகத்துக்கான விளக்கு. இப்படி விளக்கு இல்லாத மதர்போர்டுகளில் சிறு ஸ்பீக்கர் பூட்டியிருந்தால், அது எழுப்பும் பீப் ஒலியின் நீளத்தையும் எண்ணிக்கையையும் கொண்டு பழுதை அறியலாம்.

மின்வயரை மறுபடி கழற்றி, உடலின் நிலைமின்சாரம் போக வெறும் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, நினைவகமான இரண்டு ரேம் துண்டுகளையும் எடுத்தேன். ஒன்றின் பொன்னிறப் பற்கள் மினுங்கின. ஜன்னல் பக்கத் துளையில் இருந்த மற்றதன் பற்களில் வெண்மையும் இளம்பச்சையுமாகப் பூத்திருந்தது. கண்டதும் எனக்குக் கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. பழுது முகத்தைக் காட்டிவிட்டது. பற்களின் மேல் இருப்பது மிக மெல்லிய பொன்பூச்சு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அந்த உப்புநீர் பூச்சின் நுண்துளைகளுக்குள் புகுந்து, அடியிலுள்ள உலோகத்தை அரிக்கிறது. வாடைக் காலத்தில் எங்கள் ஜன்னல் கம்பியில் விரல் வைத்தாலே பிசுபிசுக்கும். அதே காற்றுத்தான் விசிறி வழியாகப் பெட்டிக்குள்ளும் போகிறது. இரவு மின்சாரம் அலைக்கழிந்ததை நான் காரணமாக நினைத்திருந்தேன். தம்பியின் கணிப்பு வேறு: அரிப்பு முன்பே தொடங்கியிருக்கும், முழுதாக அணைந்து குளிர்ந்து மறுபடி தொடங்க வேண்டி வந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது.

நல்ல துண்டை மட்டும் மதர்போர்ட் கையேடு சொல்லும் துளையில், இருபக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பூட்டினேன். திரை வெளித்தது. நான் சத்தமாகக் கூப்பிட்டதில் அடுக்களையிலிருந்து அம்மா ஓடி வந்துவிட்டார்.

பூத்திருந்த துண்டை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தேன். வெள்ளை அழிறப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்தால் மிக மெதுவாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சிய பொன்பூச்சும் போய்விடும். துளைக்குள் வாயால் ஊதவே கூடாது, மூச்சில் ஈரம் இருக்கிறது. கை ஊதுபம்பு போதும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் வீட்டில் திறக்க வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் நுழையும் இடம் அது. பிளக்கைக் கழற்றிய பின்பும் மின்சாரத்தைச் சேமிக்கும் அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

திரை வந்த பிறகு கணினியின் திகதி பல வருடங்கள் பின்னால் நின்றது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரி ஓய்ந்துவிட்டது. சிஆர்2032 என்ற 3 வோல்ட் பற்றரி அது. நகரில் மணிக்கூடு திருத்தும் கடையிலேயே கிடைத்தது.

வினாத்தாள்கள் குறித்த நாளில் பாடசாலைக்குப் போய்விட்டன. மேசையைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து உட்சுவருக்கு மாற்றியிருக்கிறேன். வேலை இல்லாத நாளிலும் மழைக்காலத்தில் கணினியைச் சிறிது நேரம் ஓடவிடுகிறேன், உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். துடைத்த துண்டு சில நாள் வேலை செய்துவிட்டு மறுபடி தடுமாறுகிறது, ஆகவே அதற்குப் பதில் ஒன்று வாங்க வேண்டும். என் மதர்போர்டுக்கு டிடிஆர்4 என்ற ரேம் வகைதான் பொருந்தும். டிடிஆர்3 துண்டின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் துளையில் இறங்காது. கடையில் காட்டுவதற்காகப் பழைய துண்டைக் கைப்பைக்குள் எடுத்து வைத்திருக்கிறேன்.