முதல்முறை கூஸ் வாத்து வளர்ப்பவர்களுக்கு: என் ஓராண்டு நோட்டிலிருந்து

எங்கள் வீடு நாங்குநேரிப் பக்கம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் (அவையும் கூஸ் இனம்தான்) அங்கே வந்து இறங்குவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். குளத்தில் மிதப்பதோடு நிற்காமல் கரையிலும் வயலிலும் கூட்டமாகக் குனிந்து புல் மேய்ந்துகொண்டிருக்கும். வீட்டில் கூஸ் வாத்து வளர்க்கத் தொடங்கியபோது அந்தக் காட்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால், முதல் இரண்டு மாதம் அவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. கோழிக்குத் தெரிந்த பக்குவத்தை இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். இது கோழி இல்லை. மேய்கிற பிராணி.

போன மாசியில் ஆறு குஞ்சுகள் வாங்கினேன். வயது ஐந்தாறு நாள். அலகின் மேல் குமிழ் வளரும் சீன வகை. நம் பக்கம் அதிகம் கிடைப்பது அதுதான். கால்நடைப் பயிற்சி மையத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போய் வந்திருந்தேன். வகுப்பில் எழுதிய நோட்டிலேயே தொடர்ந்து தினமும் எழுதினேன்: என்ன தின்றன, எச்சம் எப்படி இருந்தது, வாரம் ஒருமுறை எடை. நீங்களும் நோட்டு போடுங்கள். எது எப்போது மாறியது என்று டாக்டர் கேட்கும்போது பதில் சொல்ல அதுதான் கைகொடுக்கும்.

முதலில் சூடு. முதல் வாரம் குஞ்சுக்கு ஏறக்குறைய 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊரில் பகல் வெயிலே பாதி வேலையைப் பார்த்துவிடும். ராத்திரிக்கு மட்டும் 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் தொங்கவிட்டேன். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கினால் சூடு அதிகம். ஆங்காங்கே காலை நீட்டிப் படுத்திருந்தால் நிம்மதியாக நீங்களும் தூங்கப் போகலாம்.

தரையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கும் தரையில் நடந்து பழகும் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். முதல் சில நாள் சாக்கு, பிறகு நெல் உமி அல்லது மரச்சீவல். தொடக்கத்திலேயே உமியைப் போட்டால் தீவனம் என்று நினைத்துத் தின்றுவிடும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் குஞ்சு ஒன்று போனது அதில்தான். வாத்து என்றால் பிறந்ததும் நீந்தும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் தாயின் அடியில் இருக்கும் குஞ்சுக்குத் தாயின் இறகிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், நனைந்தாலும் தாயின் சிறகுக்குள் போய்ச் சூடேறிக்கொள்ளும். பல்புக்கு அடியில் வளரும் குஞ்சுக்கு இரண்டும் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் அகலமான பேசினில் தண்ணீர் வைத்து ஆறையும் விட்டேன். அவை துள்ளிய அழகைப் பார்த்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. ஒரு குஞ்சு வெளியே ஏற முடியாமல் பஞ்செல்லாம் ஊறி விறைத்துக் கிடந்தது. துணியில் சுற்றி, பல்புக்குப் பக்கத்தில் வைத்து, மடியில் வைத்து என்னென்னவோ செய்தோம். விடியும் முன்பே போய்விட்டது. இப்போது எழுதும்போதும் மனசு கனக்கிறது. உடம்பில் இறகு முளைத்து மூடும் வரை, அதாவது ஆறு ஏழு வாரம் வரை, ஆள் பக்கத்தில் நிற்காமல் குளிக்க விடாதீர்கள்.

அதே நேரம் குடிக்கும் தண்ணீர் ஆழமில்லாமலும் இருக்கக் கூடாது. கோழிக்கு வைக்கும் தட்டையான குடிகலனில் அலகு நுனி மட்டும்தான் நனையும். கூஸ் வாத்துக்கு மூக்குத்துளை, கண் வரை தலையை முக்கி எடுக்க வேண்டும். கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்வது அப்படித்தான். நான் பழைய பிளாஸ்டிக் டப்பாவின் பக்கவாட்டில் தலை போகும் அளவுக்கு ஓட்டை வெட்டி வைத்தேன். தலை போகும், உடம்பு போகாது. தீவனமும் தண்ணீரும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு வாய் தின்னும், ஓடிப்போய் ஒரு வாய் குடிக்கும். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தீவனத்தில் என் முதல் தவறு, கடையில் கொடுத்ததை வாங்கி வந்தது. கொடுத்தது முட்டைக்கோழித் தீவனம். அதில் முட்டை ஓட்டுக்காகச் சேர்க்கும் கால்சியம் மிக அதிகம். வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். குஞ்சுக்கு வேண்டியது 20 முதல் 22 சதவீதம் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம், அதுவும் ரத்தக்கழிச்சல் மருந்து கலக்காதது. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மூன்று வாரம் வரை எந்நேரமும் தின்னும்படி வைக்கலாம். அதன்பிறகு புரதத்தை 15, 16 சதவீதத்துக்குக் குறைத்துவிட வேண்டும்.

ஏன் குறைக்க வேண்டும் என்பது ஐந்தாவது வாரத்தில் புரிந்தது. நல்லா வளரட்டும் என்று குஞ்சுத் தீவனத்தையே தொடர்ந்து அள்ளிப் போட்டேன். ஒரு குஞ்சின் இடது இறக்கை நுனி வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டு நின்றது. இறகுக் குருத்துகள் ரத்தம் நிறைந்து கனமாக இருக்கும் பருவத்தில் சத்து மிஞ்சினால் மணிக்கட்டு அந்தப் பாரத்தைத் தாங்காமல் திரும்பிவிடுகிறதாம். டாக்டர் இறக்கையை இயல்பாக மடித்து ஒட்டுத்துணியால் சில நாள் கட்டி வைக்கச் சொன்னார். தீவனத்தைக் குறைத்து மேயவிட்டோம். ஆரம்பத்திலேயே பார்த்ததால் நேராகிவிட்டது. எலும்பு முற்றியபின் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் அப்படியே நின்றிருக்கும்.

இன்னொன்று கால். மூன்றாவது வாரம் இரண்டு குஞ்சுகள் நடக்கத் தயங்கி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தன. முட்டி வீங்கி, கால் வில்லாக வளைய ஆரம்பித்திருந்தது. நியாசின் என்ற பி வைட்டமின் குறைவு. வாத்தினத்துக்கு அது கோழிக்குஞ்சைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். கோழித் தீவனத்தை மட்டும் நம்பினால் பற்றாது. டாக்டர் சொன்ன அளவில் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன், தீவனத்தில் ஈஸ்ட் தூள் தூவினேன். ஒரு வாரத்தில் எழுந்து ஓடின. நீங்கள் முதல் நாளிலிருந்தே ஈஸ்ட் சேர்த்துவிடுங்கள்.

பச்சையைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வயலில் ஆடு மேய்க்கும் அண்ணாச்சி. குஞ்சுகளைச் சுற்றி நான் தட்டுத் தட்டாகத் தீவனம் வைத்திருப்பதைப் பார்த்து, "தம்பி, ஆட்டுக்குட்டிக்குப் பல்லு வந்ததும் என்ன கொடுப்போம்? குழைதானே. இதுவும் அந்தச் சாதிதான், வெளியே விடு" என்றார். அது அப்படியே உண்மை. முதல் வாரத்திலேயே பொடியாக நறுக்கிய அருகம்புல், கீரை கொடுக்கலாம். வெயில் நன்றாக இருந்தால் ஒரு மணி நேரம் புல்லில் விடலாம். ஆறு வாரத்துக்கு மேல் நல்ல மேய்ச்சல் இருந்தால் வயிறு பெரும்பாலும் அதிலேயே நிறைந்துவிடும். புல் குட்டையாக, இளசாக இருக்க வேண்டும். முற்றி நார் பிடித்த நீளப் புல்லை இழுத்து விழுங்கினால் உள்ளே பந்தாக அடைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் சித்திரை வந்தால் தரை காய்ந்துவிடும். அதற்காகத் தொட்டியில் அசோலா என்ற மிதக்கும் பாசி போன்ற தீவனச் செடி வளர்த்தேன், கிணற்றடியில் வேலிமசால் என்ற தீவனச் செடி போட்டேன். பச்சை தின்னும் பறவைக்கு அரைத்துக்கொள்ளப் பல் கிடையாது. விழுங்கிய மணலை வைத்துத்தான் வயிற்றுக்குள் அரைத்துக்கொள்ளும், அதனால் ஒரு கிண்ணத்தில் பருமணல் எப்போதும் இருக்கட்டும். களைக்கொல்லி அடித்த வரப்புப் பக்கம் மட்டும் மறந்தும் விடாதீர்கள். அரளி, ஊமத்தை இருக்கும் வேலியோரமும் வேண்டாம்.

பிண்ணாக்கு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சை. அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது அப்போதுதான். வாத்தினத்தின் ஈரல் அந்த நஞ்சைக் கொஞ்சமும் தாங்காது. மாடு தின்கிறதே என்று இதற்கும் போடாதீர்கள். மழைக்காலத்தில் தீவன மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். கட்டி தட்டியிருந்தாலோ முக்கல் வாடை அடித்தாலோ மூட்டையோடு குப்பைக் குழிக்குப் போகட்டும்.

இப்போது என் ஐந்தும் பெரிதாகிவிட்டன. ஒரு ஆண், நாலு பெட்டை. காலை ஆறரைக்குக் கொட்டகையைத் திறப்பேன். திறந்ததும் தீவனம் வைப்பதில்லை. வெளியே வரும் வரிசையை நின்று பார்ப்பேன்: யார் பின்தங்குகிறார்கள், யார் நொண்டுகிறார்கள், யார் இறக்கையைத் தொங்கப்போட்டிருக்கிறார்கள். நோயுள்ள பறவை கடைசி வரை மறைத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். வாளித் தண்ணீரை மாற்றி, ராத்திரி எச்சத்தில் நனைந்த உமியை அள்ளிக் காய்ந்ததைப் போடுவேன். ஈரத்தில் நின்றால் பாதம் புண்ணாகும். பகல் முழுக்க மேய்ச்சல். வெயில் காலத்தில் வேப்பமர நிழலும், குளிக்க ஒரு தொட்டியும், மூன்று முறை தண்ணீர் மாற்றுவதும் கட்டாயம். சாயங்காலம் கொட்டகைக்குள் ஒரு பறவைக்கு ஒன்றரைக் கைப்பிடி கம்பு, உடைத்த மக்காச்சோளம், நெல் கலந்து வைப்பேன். புல் குறைந்த மாதங்களில் அதை 150, 200 கிராம் வரை கூட்டுவேன். தானியத்துக்காகவே நேரத்துக்குத் தானாக வீடு வந்துவிடும். பழைய சோறு, பிரட் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். வயிறு நிறையும், சத்து சேராது.

இருட்டும் முன் கதவை அடைத்துவிட வேண்டும். ஆளைப் பார்த்துச் சீறுகிற பறவைதானே என்று வெளியே விட்டால் தெருநாயிடம் ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். கீரியும் மரநாயும் நுழையாதபடி கம்பிவலையின் அடிப்பாகத்தை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்திருக்கிறேன். வேலி கட்டிய அன்று கீழே விழுந்த கம்பித் துண்டு, ஆணி ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுங்கள். மின்னுகிற எதையும் விழுங்கிப் பார்க்கும் பழக்கம் இதற்கு உண்டு.

பிடித்துத் தூக்கும்போது காலைப் பிடிக்கவே வேண்டாம், சட்டென்று பிசகிவிடும். இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்து அணைத்து, ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். வாத்து பிளேக் நோய் இதற்கும் வரும்; தடுப்பூசி நாளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒற்றைக் குஞ்சு மட்டும் வாங்காதீர்கள். பிறந்ததும் பார்த்த ஆளைத் தாயாக எடுத்துக்கொள்ளும் இனம் இது. தனியாக வளர்ந்தால் நீங்கள் கண்ணில் படாத நேரமெல்லாம் கத்தி ஏங்கும். இருபது வருஷம் வாழக்கூடிய பறவைக்குத் துணை இருப்பதுதான் நியாயம்.

மார்கழியில் முட்டையிடத் தொடங்கின. அதற்கு ஒரு மாதம் முன்பு முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாற்றி, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். முதல் முட்டை 132 கிராம். ஆண் இப்போது அம்மாவைக்கூட கூட்டுப் பக்கம் அண்ட விடுவதில்லை, கழுத்தை நீட்டிக்கொண்டு வருகிறது. ஒரு பெட்டை ஏழு முட்டைகளோடு அடை உட்கார்ந்து இன்றோடு 26 நாள். பொரிய 28 முதல் 30 நாள் ஆகும். இந்த முறை தாய் இருக்கிறது. இருந்தாலும் பல்பையும் சாக்கையும் எடுத்து வைத்துவிட்டேன். பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.