தேநீர் அறையில் ஒரு கைதட்டல்

கைதட்டக் கூடாது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிட விரும்புகிறேன். ஏனென்றால் பதினைந்து ஆண்டுகளாக அந்தக் காலைப் பொழுதை நினைக்கும்போதெல்லாம் நான் முதலில் பற்றிக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். நான் கேட்டது இதுதான்: "ஐயா, நீங்கள் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். இந்தியாவுக்கு இப்படிக் கைதட்டினால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்?" அது ஒரு கேள்வி. ஆனால் மேற்பார்வையாளன் கேட்கும் கேள்வி, ஓய்வு பெற இரண்டு மாதம்கூட இல்லாத ஓர் எழுத்தரின் காதில் கேள்வியாகத்தான் விழுந்திருக்குமா என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அன்று 2010 டிசம்பர் 29, புதன்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிங்ஸ்மீட் மைதானத்தில், இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையிலான இரண்டாம் டெஸ்டின் நான்காம் நாள். செஞ்சுரியனில் நடந்த முதல் டெஸ்டில் இன்னிங்ஸுடன் 25 ரன் வித்தியாசத்தில் இந்தியா தோற்றிருந்ததால், எங்கள் கன்டெய்னர் டிப்போவில் இருந்த இந்திய ரசிகர்கள் ஒரு வாரமாகத் தலை நிமிராமல் இருந்தார்கள். டர்பனில் நிலைமை மாறியது. இந்தியா 205, தென்னாப்பிரிக்கா 131. பிறகு லட்சுமண் ஒற்றை ஆளாக நின்று 96 எடுக்க, தென்னாப்பிரிக்காவுக்கு 303 ரன் இலக்கு. முந்தின நாள் மாலை 3 விக்கெட்டுக்கு 111 என்று நிறுத்தியிருந்தார்கள். காலிஸ் களத்தில் இருந்தார். செஞ்சுரியனில் 201 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றவர். அவர் நிற்கும்வரை எதுவும் உறுதியில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஸ்ரீசாந்தின் ஒரு பந்து குத்தி எகிறியது. காலிஸ் இரண்டு கால்களும் தரையை விட்டு எழ, உடலை வில்லாக வளைத்து விலகப் பார்த்தார். கையுறையில் பட்ட பந்து கல்லியில் நின்ற சேவாக்கிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் படம் பிறகு உலகமெங்கும் அச்சாயிற்று. எங்கள் தேநீர் அறையின் சின்னத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரில் அந்த எழுத்தர் ஒருவர்தான் எழுந்து நின்று கைதட்டினார். கேட் பக்கம் கன்டெய்னர் சீல் எண்களைச் சரிபார்க்கும் ஜூலு இளைஞன் ஒருவன், "மடாலா, இங்கே சாப்பிட்டுவிட்டு அங்கே தட்டுகிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். மடாலா என்றால் பெரியவர். அறை ஒரு கணம் அமைதியானது. அல்லது, அமைதியானதாக எனக்குத் தோன்றியது. காலிஸ் ஆட்டமிழந்த வருத்தத்தில் மற்றவர்கள் பேசாமல் இருந்திருக்கலாம் என்பதை வெகுநாள் கழித்துத்தான் நினைத்தேன்.

அவரை எடை மேடைப் பக்கம் அழைத்துப்போய்ப் பேசினேன். மற்றவர்கள் முன்னால் அவரைத் தாழ்த்தக் கூடாது என்பதற்காகவே தனியே அழைத்தேன். யாருக்கும் புரியக் கூடாது என்பதற்காகவே தமிழில் பேசினேன். இரண்டும் மரியாதையின் பொருட்டே செய்தவை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தத் தமிழை நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. 2004-இல் தூத்துக்குடித் துறைமுகத்து வேலையை விட்டு டர்பனுக்கு வந்தபோது, தங்க இடம் கிடைக்கும்வரை மூன்று வாரம் சாட்ஸ்வொர்த்தில் இருந்த தம் வீட்டில் என்னை வைத்துக்கொண்டவர் அவர். டிப்போவில் எல்லோரும் அவரை அங்கிள் என்றார்கள். நான் ஒருவன்தான் ஐயா என்பேன். பாட்டியிடமும் மாலைநேரத் தமிழ்ப் பள்ளியிலும் கற்ற தமிழை, பேச ஆளில்லாமல் தேய்ந்துபோன அந்தத் தமிழை, என்னிடம்தான் நாள்தோறும் தேடித்தேடி எடுத்துப் பேசுவார். "நம்ம பாஷை பேச ஒரு ஆளு வந்திருக்கு" என்று மனைவியிடம் சொன்னாராம். அந்த மொழியில்தான் நான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உள்ளங்கைகளை ஒரு முறை பார்த்துக்கொண்டு, "வந்தவங்களுக்குத் தட்டிப் பழகின கை தம்பி இது" என்றார். பிறகு, சிறிது நேரம் கழித்து, "நீங்க தட்டலையா?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில்: "நான் இந்தியன்தானே, ஐயா."

"சரி" என்றார். போய்விட்டார்.

அவர் சொன்ன முதல் வாக்கியம் எனக்குப் புதிதல்ல. அவருடைய தந்தை டர்பன் மாநகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. குடும்பம் மேகசின் பாரக்ஸில் இருந்தது. மாநகராட்சி இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்த இடம் அது. பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். கிங்ஸ்மீட் அங்கிருந்து நடந்து போகும் தொலைவு. 1960-களில் அவர்களை அங்கிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்த பிறகும், டெஸ்ட் வந்தால் அவர் கிங்ஸ்மீடுக்குப் போவார். 1970 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா ஆடியபோது அவருக்கு வயது 24. கிரேம் பொல்லாக் 274 அடித்தார், பாரி ரிச்சர்ட்ஸ் 140 அடித்தார், தென்னாப்பிரிக்கா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு என்று ஒதுக்கிய பகுதியில் உட்கார்ந்து அவர்கள் எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குக் கைதட்டினார்களாம். பொல்லாக்கின் ஆட்டம் எவ்வளவு அழகு என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பார்க்கும் கண் பார்த்தது. தட்டும் கை தட்ட மறுத்தது. தங்கள் பிள்ளைகளில் ஒருவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த அணிக்குள் நுழைய முடியாது என்றிருக்க, அந்த அணிக்கு எப்படித் தட்டுவது? அந்தத் தொடருக்குப் பிறகு, நிறவெறிக் கொள்கையின் காரணமாக, இருபத்தோர் ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவைச் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து விலக்கி வைத்தார்கள்.

1992 நவம்பர் 13 பற்றியும் அவர் சொல்லியிருக்கிறார். தடை நீங்கிய பின் இந்த மண்ணில் நடந்த முதல் டெஸ்ட், அதே கிங்ஸ்மீடில், இந்தியாவுடன். கையில் சீட்டை வைத்துக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற நிலையில், எங்கே உட்காருவதென்று தெரியாமல் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தாராம். கபில் தேவ் ஆட்டத்தின் முதல் பந்திலேயே ஜிம்மி குக்கை வெளியேற்றியபோது அவர் இன்னும் உட்கார்ந்திருக்கவில்லை. நின்றபடியே கைதட்டினார். இதை எத்தனையோ முறை கேட்டவன் நான். கேட்டிருந்தும் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

என் பக்கத்து நியாயத்தையும் எழுத வேண்டும். இந்த ஊரில் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடுவே சொல்லாமல் கிடக்கும் ஒன்று உண்டு. 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆப்பிரிக்கர்களே அதிகம் என்றாலும், இந்தியக் குடும்பங்களில் அது தீ வைத்த வீடுகளின் நினைவாகத்தான் தங்கியிருக்கிறது. அப்போது மூன்று வயதுக் குழந்தையான அவரை மடியில் மறைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்த தாயின் கதையையும் அவர்தான் எனக்குச் சொன்னார். "இங்கே சாப்பிட்டுவிட்டு அங்கே தட்டுகிறாயா" என்ற சொற்கள் என் காதில் விழுந்தபோது, அந்தக் கதைதான் என் முன்னால் நின்றது. தேநீர் அறைப் பேச்சு கேட்டுக்கும், கேட்டிலிருந்து தொழிற்சங்கத்துக்கும் போனால் எங்கே நிற்கும் என்று ஒரு மேற்பார்வையாளன் யோசிக்கத்தானே வேண்டும்? அந்த இளைஞனின் பக்கமும் எனக்குத் தெரியும். அன்றைய தென்னாப்பிரிக்க அணியில் கறுப்பின வேகப்பந்து வீச்சாளர் சோட்சோபே ஆடிக்கொண்டிருந்தார். மக்காயா நிட்டினி 1998-இல் தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின ஆப்பிரிக்க டெஸ்ட் வீரராக வந்து, ஓய்வை அறிவித்திருந்த நேரம் அது. தன் மக்கள் நுழைய முடியாதிருந்த அணி தன்னுடையதாக ஆகிவருவதை ஒருவன் கண்முன்னே காணும்போது, பக்கத்தில் ஒருவர் எதிரணிக்குத் தட்டினால் வலிக்காதா?

இவை எல்லாம் உண்மை. ஆனால் இவற்றை நான் அன்று யோசித்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று என்னையே கேட்டுக்கொண்டால், உறுதியான பதில் வருவதில்லை. இதுவரை எழுதாத ஒன்றையும் எழுதுகிறேன். யாரும் என்னிடம் புகார் செய்யவில்லை. அந்த இளைஞன் வரவில்லை, மேலாளர் அழைக்கவில்லை. 2011-இல் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அதற்கு நிறுவனத்தின் கடிதம் வேண்டும். என் பிரிவில் இந்தியர்கள் கட்சி கட்டுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால், அந்தக் கடிதத்தில் கையெழுத்திடுபவர் தயங்குவார் என்று பயந்தேன். அவரை அடக்கினால் நான் பத்திரமாக இருப்பேன். அன்று காலை காலிஸ் ஆட்டமிழந்தபோது மேசைக்குக் கீழே என் இரண்டு கைகளும் இறுகிக்கொண்டதும், மகிழ்ச்சியில் தொண்டை வரை வந்த சத்தத்தை நான் விழுங்கியதும் எனக்கு மட்டுமே தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் "நீங்க தட்டலையா?" என்று கேட்டார்.

"நான் இந்தியன்தானே" என்று நான் சொன்னது பொய்யில்லை. என் கடவுச்சீட்டு இந்தியக் கடவுச்சீட்டு. இந்தியாவுக்குத் தட்டும் உரிமை எனக்கு உண்டு, இங்கே பிறந்ததால் உங்களுக்கு இல்லை என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள். அந்த ஆண்டு நவம்பர் 16-இல்தான், சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்து 150 ஆண்டு நிறைந்ததை டர்பன் கொண்டாடி முடித்திருந்தது. வட ஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த தம் கொள்ளுத்தாத்தாவின் பதிவு எண்ணை ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார் அவர். 1994-இல் 48 வயதில்தான் இந்த நாட்டின் எல்லா மக்களோடும் ஒரே வரிசையில் நின்று முதன்முதலாக வாக்களித்தவர். அவரிடம், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வந்திறங்கிய நான், நீங்கள் எந்த நாட்டவர் என்று எடுத்துச் சொன்னேன்.

மறுநாள் முதல் அவர் தேநீர் அறைக்கு வரவில்லை. தம் மேசையிலேயே தேநீர் குடித்தார். 87 ரன்னில் இந்தியா வென்றிருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. கேப் டவுனில் மூன்றாம் டெஸ்ட் சமனில் முடிந்து தொடர் 1-1 ஆனபோதும் பேசவில்லை. ஜனவரி நடுவில் ஒரு நாள் அந்த இளைஞன் என்னிடம் வந்து, மடாலா ஏன் உள்ளே வருவதில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டான். உண்மையான கவலையோடு கேட்டான். அவர்கள் இருவரும் கேட்டில் நான்கு ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் சீண்டிப் பேசுபவர்கள் என்று அப்போதுதான் அறிந்தேன். அவன் சொன்னதும் ஒரு சீண்டல்தானா? இருக்கலாம். சீண்டலுக்குள்ளும் முள் இருக்கும். அன்று முள் இருந்ததாகவே என் காதில் விழுந்தது. முழுக்கத் தவறாகக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்ள இன்னும் என் மனம் இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதே தொடரில், செஞ்சுரியனில், ஒரு வெள்ளிக்கிழமை ஹஷிம் ஆம்லா சதம் அடித்தபோதும் அவர் இதே அறையில் எழுந்து நின்று கைதட்டினார். "நம்ம டர்பன் பிள்ளை" என்றார். இந்தியாவின் பந்துவீச்சை அடித்துத்தான் அந்தச் சதம் வந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் "வந்தவங்களுக்குத் தட்டிப் பழகின கை" என்று அவர் சொன்னதும் முழு உண்மை இல்லையோ? எனக்குப் புரியும்படி ஒரு காரணத்தைக் கொடுத்து, என்னைச் சங்கடத்திலிருந்து விடுவித்துவிட்டாரோ?

நானும் 2016-இல் இந்த நாட்டுக் குடிமகனாகி, இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 2025 நவம்பரில் குவாஹாட்டி டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை காலை, டர்பனில் பிறந்த செனுரான் முத்துசாமி இந்தியாவுக்கு எதிராக 109 ரன் எடுத்தபோது, இதே ஊரில் பிறந்த என் மகள் நாற்காலியிலிருந்து குதித்துக் கைதட்டினாள். புதன்கிழமை பவுமா தலைமையிலான தென்னாப்பிரிக்க அணி 408 ரன் வித்தியாசத்தில் வென்று, 2000-க்குப் பிறகு முதன்முறையாக இந்திய மண்ணில் தொடரைக் கைப்பற்றியது. அலுவலகத்தில் எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள், தமிழ்ப் பிள்ளைகளும்தான். நான் சிரித்தபடி நின்றேன். என் கைகள் தாமாக எழவில்லை. யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. குவாஹாட்டியில் வந்தவர்கள் நாங்கள்தான் என்பது மாலையில் வீடு திரும்பும்போது நினைவுக்கு வந்தது.

அன்றிரவு சாட்ஸ்வொர்த்துக்குத் தொலைபேசி செய்தேன். அவருக்கு அப்போது 79 வயது. பேரன் எடுத்து, தாத்தாவிடம் கொடுத்தான். "முத்துசாமியப் பாத்தீங்களா தம்பி?" என்றுதான் தொடங்கினார். முத்துசாமி ஆடியதை ஒவ்வொரு ஓட்டமாகச் சொன்னார். குரலில் அந்தப் பழைய மகிழ்ச்சி. நீங்கள் கைதட்டினீர்களா, அன்று நீங்கள் சொன்ன "சரி"க்கு என்ன பொருள் என்று கேட்கத்தான் அழைத்திருந்தேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை, குளிர் விட்டதும் குறைந்துவிட்டது என்றார்.