நீங்க என்ன ஆளுக?

எங்க ஊருப்பக்கம் புதுசா ஒருத்தர பாத்தா பேரு கேப்பாவ, ஊரு கேப்பாவ, அப்புறம் கொஞ்சம் குரல இறக்கி "நீங்க என்ன ஆளுக?"ன்னு கேப்பாவ. என் மூஞ்சியையும் பூனக்கண்ணையும் பாத்துட்டு கேக்குறவங்களே குழம்பிருவாங்க. அப்பாவுக்கு பாளையங்கோட்டதான். அம்மாவுக்கு ஐரோப்பால இருக்க போஸ்னியா, பிரியேடோர்னு ஒரு டவுன், அங்கயும் ஒரு ஆறு ஓடுது, சானான்னு பேரு.

அம்மாவோட அப்பா செர்பு இனம், அவளோட அம்மா முஸ்லிம். போஸ்னியாவும் சேந்து யூகோஸ்லாவியான்னு ஒரே நாடா இருந்த காலத்துல இப்படி கல்யாணம் பண்ணவங்க நெறய பேரு. 1981 சென்சஸ்ல 12 லட்சம் பேருக்கு மேல தங்கள வெறும் யூகோஸ்லாவ்னு பதிஞ்சாங்க, எங்க தாத்தா பாட்டியும் அதுல உண்டு.

அப்புறம் நாடு உடைஞ்சு போர் வந்துச்சு. 1992 ஏப்ரல் 30 செர்பு கட்சிக்காரங்க டவுன கைல எடுத்துக்கிட்டாங்க. மே 31 லோக்கல் ரேடியோல அறிவிப்பு வருது, செர்பு இல்லாதவங்க வீட்டுல வெள்ளத்துணி தொங்கவிடணும், வெளிய வந்தா கைல வெள்ளப்பட்டி கட்டணும்னு. அம்மாவுக்கு அப்ப பதினாலு வயசு. ஒரே வீட்டுல தாத்தாவுக்கு பட்டி வேண்டாம், பாட்டிக்கு வேணும், அப்ப அம்மாவுக்கு? பாட்டி ஒரு தலகாணி உறைய கிழிச்சு ரெண்டு துண்டு எடுத்தாளாம், தாத்தா ஒண்ணும் பேசாம மூணாவது துண்ட அவரே கிழிச்சு கட்டிக்கிட்டாராம். எனக்கு எங்க தாத்தாவ பத்தி தெரிஞ்சதுலயே பெரிய விஷயம் இதுதான்.

பாட்டியோட தம்பிய ஒமார்ஸ்கா கேம்புக்கு பிடிச்சிட்டு போனாங்க, அது இரும்புத்தாது வெட்டுற சுரங்கம், அதத்தான் கேம்பா மாத்தி வச்சிருந்தாங்க. அவரு திரும்பி வரல. அந்த வட்டாரத்துல மட்டும் 3,000 பேருக்கு மேல செத்தாங்க. 2013ல தோமாஷிட்சான்னு பக்கத்து கிராமத்துல பெரிய புதைகுழி ஒண்ண கண்டுபிடிச்சு 400க்கு மேல உடல் எடுத்தாங்க, பாட்டி ரத்தத்த வச்சு டிஎன்ஏ பாத்து அதுல ஒண்ணு அவருன்னு சொன்னாங்க. இருபது வருசத்துக்கு மேல கழிச்சு அடக்கம்.

மிச்சம் பேரு பஸ் ஏறி, எங்கெங்கயோ நின்னு, ஜெர்மனி போய் சேந்தாங்க. ஜெர்மனி அப்ப மூணு லட்சத்துக்கு மேல போஸ்னியாக்காரங்கள வச்சிருந்துச்சு, 1995ல போர நிறுத்துன டேட்டன் ஒப்பந்தம் ஆனதும் திரும்பிப் போங்கன்னுட்டாங்க. திரும்பிப் போற ஊரு அவங்களோடதா இல்ல, அதனால தாத்தா பாட்டி அமெரிக்கால செயின்ட் லூயிஸுக்கு போயிட்டாங்க. அம்மா நர்ஸ் படிப்புக்காக ஜெர்மனிலயே தங்குனா, அங்கன வேல பாத்துக்கிட்டிருந்த அப்பாவ கட்டுனா, எனக்கு ஏழு வயசுல பாளையங்கோட்ட வந்துட்டோம்.

ஆச்சிக்கும் (அப்பாவோட அம்மா) அம்மாவுக்கும் மொதல்ல பேச பாஷயே இல்ல, அடுப்படிலதான் பழகுனாவ. அம்மா மாவ மேஜ முழுக்க காயிதம் மாதிரி இழுத்து விரிச்சு, பாலக்கீரை கிடைக்காத நாள்ல முருங்கக்கீரய வச்சு சுருட்டி சுடுவா, ஆச்சி அதுக்கு தேங்கா சட்னி தொட்டு சாப்புடுவா. "ஏ தாயி, இன்னுங் கொஞ்சம் எண்ண விடு"ன்னு சொல்றதெல்லாம் அம்மாவுக்கு ரெண்டே மாசத்துல புரிஞ்சிட்டு.

ஸ்கூல்ல சேக்கும்போது அப்பா பாரத்துல சாதி எழுதுற கட்டத்த காலியா விட்டாரு. நம்ம ஊருல 1973லயே அரசாணை இருக்கு, விருப்பமில்லன்னா எழுத வேண்டாம்னு. ஆனா பசங்களுக்கு காலி இடம் பிடிக்காது. ஒம்பதாங் கிளாஸ்ல ஒரு கூட்டுக்காரன், நல்ல பய, எங்க அப்பா சொந்த ஊர விசாரிச்சிட்டு வந்து "ஏல, நீயும் நம்ம ஆளுதாம்ல"ன்னு சந்தோசமா என் கைல ஒரு கலர் கயிறு கட்டிவிட்டான். எனக்கும் சந்தோசம்தான், மொத தடவயா ஒரு கூட்டத்துல சேந்தாச்சுல்லா.

சாயங்காலம் அம்மா அத பாத்தா. திட்டல. கத்திரி எடுத்து வெட்டிட்டு, பக்கத்துல உக்கார வச்சு, மேல சொன்ன வெள்ளப்பட்டி கதைய அன்னைக்குத்தான் மொதமொதல்ல சொன்னா. நம்ம கயிறும் அந்த பட்டியும் ஒண்ணில்ல, ஒண்ணு தானா கட்டுறது, இன்னொண்ணு அதிகாரம் கட்டச்சொன்னது, எனக்கு தெரியும். ஆனா கைய பாத்தே இவன் யாருன்னு முடிவு பண்ணணும்ங்கிற ஆச ரெண்டுலயும் இருக்கு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஒரு பிளஸ் டூ பையனயும் அவன் தங்கச்சியயும் கூட படிச்ச பசங்களே சாதிப் பகையில வீடு புகுந்து வெட்டுனாங்களே, அன்னைக்கு அம்மா ராத்திரி பூரா டிவி முன்னாடியே இருந்தா. அப்புறம் பள்ளிக்கூடத்துல சாதிச் சண்டைய தடுக்க அரசு போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூன்ல குடுத்த அறிக்கைல கலர் கயிறு கூடாதுன்னு பரிந்துரச்சிருக்காங்க, நான் அத வாசிச்சு காட்டுனேன், "இத எப்பவே சொல்லிருக்கணும்"னா.

அதுக்காக சாதி சான்றிதழே வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். காலங்காலமா அமுக்கி வச்சவங்களுக்கு அந்த தாள்தான் காலேஜ் வாசல திறக்குது, என்ன மாதிரி காலியா விட்டு தப்பிக்கிற வசதி அவங்களுக்கு இல்ல. போஸ்னியால இன்னொரு விதமான கொடும, அங்க ஒரு ஜனாதிபதிக்கு பதிலா மூணு பேரு மன்றம், அதுக்கு போஸ்னியாக் (அங்கத்த முஸ்லிம்), செர்பு, குரோட்னு மூணு இனத்துக்காரங்கதான் நிக்கமுடியும், மத்தவங்கெல்லாம் சட்டத்துலயே "மற்றவர்கள்". ஒரு யூதரும் ரோமாங்கிற சிறுபான்மை இனத்துக்காரர் ஒருத்தரும் ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்க ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டுக்கு போய் 2009ல ஜெயிச்சும் வருசக்கணக்கா சட்டத்த மாத்தாம இழுத்தாங்க. ரெண்டுல ஒண்ண எடுக்கமாட்டேன்னு நிக்கிற எங்கம்மா மாதிரி ஆளும் அந்த "மற்றவர்கள்" கணக்குதான்.

2012லேருந்து வருசா வருசம் மே 31 பிரியேடோர்ல ஜனங்க வெள்ளப்பட்டி கட்டி ஊர்வலம் போறாங்க, அந்த போர்ல அங்க செத்துப்போன 102 பிள்ளைங்க பேர எழுதி வெள்ள ரோசாவும் கொண்டு போறாங்க. வர்ற வருசம் அம்மாவும் நானும் போறோம், பாட்டி செயின்ட் லூயிஸ்லேருந்து வர்றேன்னுருக்கா. விசாவுக்கு பேப்பர் சேத்துக்கிட்டிருக்கோம்.